ஆலோசனை மன்றத்தில் பெண்ணின் இடம்

 

 நாட்டின் சட்டமியற்றும் அவைகளில் பெண்களுக்கு, சிறப்பாக நம் சமுதாயப் பெண்களுக்கு, உள்ள தடைகளைப் பற்றி இன்றைய ஜுமுஆவில் பேச நாடுகிறேன். இது மிம்பரில் பேசும் விஷயமா என்று சிலர் எண்ணக்கூடும். எந்தக் கட்சிக்கும் வாக்குக் கேட்பதற்கு மிம்பர் இல்லை, அது உண்மையே. ஆனால் நம்முடைய நிக்காஹ், தலாக், வக்ஃபு ஆகியவற்றைக் குறித்துச் சட்டம் செய்யப்படும் இடத்தில் நம் பெண்மக்கள் ஏன் இல்லை என்று கேட்பது கட்சி அரசியல் அன்று. அது உம்மத்தின் நலனைப் பற்றிய கேள்வி.

முதலில் நிலைமையைப் பாருங்கள். 2024ஆம் ஆண்டுத் தேர்தலில் மக்களவையின் 543 இடங்களுக்குத் தேர்வான பெண்கள் 74 பேர். நூற்றுக்குப் பதினான்கு பேர்கூட இல்லை. தமிழ்நாட்டின் 39 தொகுதிகளில் வென்ற பெண்கள் 5 பேர். பெண் கல்வியில் நாட்டுக்கே முன்னோடி என்று நாம் புகழும் கேரளத்தின் 20 தொகுதிகளில் அப்பொதுத்தேர்தலில் ஒரு பெண்கூட வெல்லவில்லை. அதே ஆண்டு நவம்பரில் வயநாட்டில் நடந்த இடைத்தேர்தலில்தான் ஒருவர் வந்தார். ஆகவே, பெண்கள் படித்துவிட்டால் எல்லாம் தானாக நடந்துவிடும் என்று இருந்துவிட முடியாது. படித்த பின்பும் அடைபட்டிருக்கிற கதவுகள் உண்டு.

அந்த 74 பேரில் முஸ்லிம் பெண்கள் இருவர். உத்தரப் பிரதேசத்தின் கைரானாவிலிருந்து சகோதரி இக்ரா ஹஸன். மேற்கு வங்கத்தின் உலுபேரியாவிலிருந்து சகோதரி ஸாஜிதா அஹ்மத். 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி இந்நாட்டு முஸ்லிம்கள் 17 கோடிப் பேர். அதில் ஏறத்தாழச் சரிபாதி பெண்கள். எட்டுக் கோடிக்கு மேற்பட்ட பெண்களிலிருந்து இருவர்! 1952 முதல் நடந்த பொதுத்தேர்தல்கள் அனைத்தையும் சேர்த்தாலும் மக்களவைக்குச் சென்ற முஸ்லிம் பெண்கள் இருபது பேர் என்னும் எண்ணிக்கையைத் தொடவில்லை. தென்மாநிலங்கள் எதிலிருந்தும் ஒரு முஸ்லிம் பெண்கூட மக்களவைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டதில்லை.

இதற்கு மார்க்கமே காரணம் என்று மாற்றார் சொல்கின்றனர். வேதனை என்னவென்றால் நம்மவர்களிலும் பலர் அதையே பெருமையாகச் சொல்கின்றனர். இரண்டு சாராருக்கும் ஒரு செய்தி. ஹரமைன் ஷரீஃபைன் அமைந்துள்ள ஸஊதி அரேபியாவில் 150 உறுப்பினர் கொண்ட மஜ்லிஸுஷ் ஷூராவுக்கு 2013 ஜனவரியில் மன்னர் அப்துல்லாஹ் 30 பெண்களை நியமித்தார். அது நியமன மன்றம், ஆலோசனை மன்றம். மக்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுத்த நாடாளுமன்றம் அன்று. ஆனாலும் ஐந்தில் ஒரு பங்கு பெண்களுக்கு அங்கே கிடைத்தது. நமது மக்களவை 2024இலும் அந்த விகிதத்தை எட்டவில்லை.

அன்பிற்கினியவர்களே! நாம் ஹிஜ்ரி ஆறாம் ஆண்டுக்குச் செல்வோம். நபி (ஸல்) அவர்கள் ஏறத்தாழ 1,400 ஸஹாபாக்களுடன் உம்ராவுக்காகப் புறப்பட்டு ஹுதைபிய்யாவில் தடுக்கப்படுகிறார்கள். குறைஷிகளுடன் உடன்படிக்கை எழுதப்படுகிறது. அவ்வாண்டு கஅபாவைக் காணாமலே திரும்ப வேண்டும்; மக்காவிலிருந்து முஸ்லிமாகி ஓடி வருபவரைத் திருப்பி அனுப்ப வேண்டும். ஸஹாபாக்களின் உள்ளங்கள் கொதித்துப் போயின. ஹழ்ரத் உமர் (ரலி) போன்றோரே பொறுக்க முடியாமல் கேள்வி கேட்டார்கள். உடன்படிக்கை முடிந்ததும், எழுந்து குர்பானி கொடுத்துத் தலைமுடி களையுமாறு நபியவர்கள் பணித்தார்கள். ஒருவரும் எழவில்லை. மும்முறை சொன்னார்கள். அப்போதும் எழவில்லை. நபியின் கட்டளைக்கு உயிரைக் கொடுக்கத் தயாராக இருந்த கூட்டம் அது. துக்கம் அவர்களைக் கட்டிப் போட்டிருந்தது.

அந்த நெருக்கடியில் நபியவர்கள் எங்கே சென்றார்கள்? தம் துணைவியார் உம்மு ஸலமா (ரலி) அவர்களின் கூடாரத்திற்குச் சென்று நடந்ததைக் கூறினார்கள். அன்னை அவர்கள் நிலைமையை எடைபோட்டு ஓர் ஆலோசனை சொன்னார்கள்: வெளியே செல்லுங்கள், யாரிடமும் ஒரு வார்த்தையும் பேச வேண்டாம், தங்கள் ஒட்டகத்தை அறுத்துவிட்டு முடி களைபவரை அழைத்துக் களைந்துகொள்ளுங்கள் என்ற கருத்தில். நபியவர்கள் அப்படியே செய்தார்கள். அதைக் கண்டதும் அத்தனை பேரும் எழுந்து தத்தம் பிராணிகளை அறுத்தார்கள். ஒருவருக்கொருவர் முடியைக் களைந்துவிட்டார்கள். புகாரீ ஷரீஃபில் பதிவான செய்தி இது.

இதை நாம் பெரும்பாலும் ஓர் உத்தம மனைவியின் சிறப்பாகவே சொல்லிச் செல்கிறோம். அச்சிறப்பு உண்டுதான். ஆனால் அது குடும்ப விவகாரம் அன்று. மதீனாவின் அரசுக்கும் மக்காவின் அரசுக்கும் இடையே ஏற்பட்ட உடன்படிக்கை, அதை மக்கள் ஏற்பார்களா மாட்டார்களா என்ற நிலை. இன்றைய மொழியில் சொன்னால் தேசிய அரசியலின் உச்சகட்ட நெருக்கடி. அதில் ஒரு பெண்ணின் கருத்தை அல்லாஹ்வின் தூதர் கேட்டார்கள்; ஏற்றார்கள்; உடனே செயல்படுத்தினார்கள்.

மக்கா வெற்றியின்போது நடந்ததும் நீங்கள் அறிந்ததே. உம்மு ஹானி (ரலி) அவர்கள் ஒருவருக்கு அபயம் அளித்திருந்தார்கள். அவர்களுடைய உடன்பிறந்த சகோதரர் ஹழ்ரத் அலீ (ரலி) அம்மனிதரைக் கொல்ல முனைந்தார்கள். உம்மு ஹானி நேரே நபியவர்களிடம் சென்று முறையிட்டார்கள். அவர் யாருக்கு அபயம் அளித்தாரோ அவருக்கு நாமும் அளித்தோம் என்று நபியவர்கள் தீர்ப்பளித்தார்கள். போர்க்களத்தில் எதிரிக்கு அபயம் கொடுப்பது அரசின் அதிகாரம். அதை ஒரு பெண் செய்தபோது அது செல்லும் என்று ஆயிற்று. அதற்கும் முன்பே இரண்டாம் அகபா உடன்படிக்கையில், மதீனாவின் அரசுக்கே அடித்தளம் இட்ட அந்த இரவில், ஆண்களுடன் இரு பெண்களும் இருந்தார்கள். மூன்றாம் கலீஃபாவைத் தேர்வு செய்யும் பொறுப்பு ஹழ்ரத் அப்துர் ரஹ்மான் பின் அவ்ஃப் (ரலி) அவர்களிடம் வந்தபோது, திரைக்குப் பின்னிருந்த பெண்களிடமும் சென்று கருத்துக் கேட்டார்கள் என்று இமாம் இப்னு கஸீர் (ரஹ்) எழுதுகிறார்கள்.

மஹர் விஷயத்தில் ஹழ்ரத் உமர் (ரலி) அவர்களை ஒரு பெண்மணி மஸ்ஜிதிலேயே மறுத்துப் பேசிய சம்பவத்தையும் இந்த இடத்தில் சொல்வார்கள். அதன் அறிவிப்பாளர் தொடரில் ஹதீஸ்கலை அறிஞர்கள் குறை கண்டிருப்பதால் நான் அதை ஆதாரமாக எடுக்கவில்லை. எடுக்க வேண்டிய தேவையும் இல்லை.

இனி நீங்கள் மனத்தில் வைத்திருக்கும் ஹதீஸுக்கு வருவோம். பாரசீகர்கள் கிஸ்ராவின் மகளை அரியணையில் ஏற்றினார்கள் என்ற செய்தி எட்டியபோது, தம் ஆட்சியைப் பெண்ணிடம் ஒப்படைத்த சமூகம் வெற்றி பெறாது என்ற கருத்தில் நபி (ஸல்) அவர்கள் கூறியதாக ஹழ்ரத் அபூபக்ரா (ரலி) அறிவிக்கிறார்கள். புகாரீயில் உள்ள ஸஹீஹான ஹதீஸ். அதை நாம் ஒதுக்கிவிடவில்லை. யாரும் ஒதுக்கவும் முடியாது. முஸ்லிம்களின் கிலாஃபத்தாகிய தலைமை ஆணிடமே இருக்க வேண்டும் என்று நான்கு மத்ஹபின் இமாம்களும் அதிலிருந்து சட்டம் எடுத்துள்ளார்கள்.

ஆனால் கேள்வி வேறு. நாடாளுமன்ற உறுப்பினர் கலீஃபாவா? கிஸ்ராவா? 543 பேரில் ஒருவர். தனித்து ஒரு சட்டமும் செய்ய இயலாதவர். தம் தொகுதி மக்களின் வகீலாகச் சென்று கருத்துச் சொல்கிறார், கேள்வி கேட்கிறார், வாக்களிக்கிறார். பொதுவான விவகாரங்களில் பெண் ஒருவர் வகீலாக இருப்பதை ஹனஃபீ மத்ஹபும் தடுக்கவில்லை, ஷாஃபிஈ மத்ஹபும் தடுக்கவில்லை. காழிப் பதவியில் கருத்து வேறுபாடு உண்டு. ஹுதூத், கிஸாஸ் தவிர்ந்த வழக்குகளில் பெண் தீர்ப்பளித்தால் செல்லும் என்பது ஹனஃபீ மத்ஹபின் நிலை. ஷாஃபிஈ மத்ஹபில் அது இல்லை. நமது மத்ரஸாக்களில் பெரிதும் மதிக்கப்படும் மௌலானா அஷ்ரஃப் அலீ தானவீ (ரஹ்) அவர்களிடம் இந்த ஹதீஸைப் பற்றிக் கேட்கப்பட்டது. எல்லா அதிகாரமும் ஒருவர் கையில் உள்ள ஆட்சியையே அந்த ஹதீஸ் குறிக்கிறது என்றும், ஆலோசனை மன்றத்தின்படி நடக்கும் ஆட்சியில் பெண்ணின் நிலை ஆலோசனை கூறுபவரின் நிலையே என்றும், ஆலோசனை கூறும் தகுதி பெண்ணுக்கு உண்டு என்றும் இம்தாதுல் ஃபதாவாவில் விளக்கம் அளித்தார்கள். இவர் நவீனக் கல்விக்கூடத்திலிருந்து வந்தவர் அல்லர், தேவ்பந்தின் ஆலிம்.

குர்ஆனும் ஸபாவின் அரசியைப் பற்றி அந்நம்லு அத்தியாயத்தில் சொல்லும்போது, அவள் தன் பிரதானிகளிடம் மஷ்வரா கேட்டதையும், போரின் விளைவை அவர்களைவிட நன்றாகக் கணித்ததையும் எடுத்துக்காட்டுகிறது. அவள் சூரியனை வணங்கியது கண்டிக்கப்படுகிறது. அவளுடைய மதிநுட்பம் கண்டிக்கப்படவில்லை.

அப்படியானால் தடை எங்கே இருக்கிறது? ஒரு பகுதி வெளியே இருக்கிறது. 2024 தேர்தலில் நாடெங்கும் நின்ற வேட்பாளர்கள் எட்டாயிரத்துக்கும் அதிகம்; அதில் பெண்கள் சுமார் 800 பேர். வெற்றி வாய்ப்பு இல்லை என்று சொல்லிக் கட்சிகள் அவர்களுக்கு இடம் தருவதில்லை. இடம் தந்தாலும் செலவு? பெரிய மாநிலங்களில் மக்களவை வேட்பாளர் ஒருவர் செய்யலாம் என 2022இல் தேர்தல் ஆணையம் வைத்த உச்சவரம்பு 95 லட்சம் ரூபாய். எந்தப் பெண்ணின் கையில் அவ்வளவு இருக்கிறது? ஆகவே பெரும்பாலும் அரசியல் குடும்பத்துப் பெண்களே வருகின்றனர். இக்ரா ஹஸன் அவர்களின் தந்தையும் தாயும் மக்களவை உறுப்பினர்களாக இருந்தவர்கள். அதனால் அவர் தகுதி குறைந்தவர் ஆகிவிட மாட்டார். 2025 ஏப்ரலில் வக்ஃபு திருத்த மசோதா வந்தபோது, இது முஸ்லிம் பெண்களின் நன்மைக்கே என்று ஆளும் தரப்பு சொன்ன அந்த அவையில் எழுந்து நின்று எதிர்த்துப் பேச ஒரு முஸ்லிம் பெண் இருந்தார் அல்லவா? ஆண் உறுப்பினர் நூறு பேர் பேசினாலும் அந்த ஒரு குரலுக்கு ஈடாகாது. ஆனால் அரசியல் குடும்பத்தில் பிறக்காத நம் மஹல்லாப் பெண்ணுக்கு வழி எது?

பணத்தைப் பற்றிப் பேசும்போது ஒன்று சொல்லியாக வேண்டும். அந்நிஸா அத்தியாயம் பெண்ணுக்குச் சொத்தில் பங்கை ஃபர்ளாக்கியிருக்கிறது. நாம் என்ன செய்கிறோம்? “கல்யாணத்துக்கு நகை போட்டோமே, சீர் செய்தோமே” என்று சொல்லி விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்து வாங்கிவிடுகிறோம். அல்லாஹ் கொடுத்ததைப் பிடுங்கிக்கொண்ட பிறகு, பெண்களுக்குப் பொதுவாழ்வுக்கு வரும் சக்தி இல்லை என்று நாமே தீர்ப்பும் எழுதுகிறோம்.

அதைவிடக் கொடியது நாவின் தீமை. 2021 ஜூலையிலும் 2022 ஜனவரியிலும் இந்நாட்டில் பொதுவாழ்வில் இருக்கும் முஸ்லிம் பெண்களின் படங்களை இணையத்தில் ஏலப் பொருள்போல் வைத்து இழிவுபடுத்தினார்கள். பத்திரிகையாளர்கள், வழக்கறிஞர்கள், சமூகப் பணியாளர்கள் என்று எத்தனையோ பெண்கள். வழக்குகள் பதிவாயின, சிலர் கைதாயினர். நாமெல்லாம் கொதித்தோம், கொதித்தது சரியே. ஆனால் நம் ஊரில் ஒரு பெண் உள்ளாட்சித் தேர்தலில் நின்றால் நம் வாட்ஸ்அப் குழுக்களில் என்ன எழுதுகிறோம்? யாருடன் போனாள், எத்தனை மணிக்கு வந்தாள், புருஷன் எப்படி விட்டான்! அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் மீது முனாஃபிக்குகள் களங்கம் கற்பித்தபோது இறங்கிய அந்நூர் அத்தியாயத்தின் வசனங்களை நினைவில் கொள்ளுங்கள். அச்செய்தியைக் கேட்ட மாத்திரத்தில் முஃமினான ஆண்களும் பெண்களும் தம்மவரைப் பற்றி நல்லெண்ணம் கொண்டிருக்க வேண்டாமா என்று அல்லாஹ் கடிந்துகொள்கிறான். நான்கு சாட்சிகள் இன்றி ஒரு பத்தினியின் மீது பழி சொன்னவனுக்கு எண்பது கசையடி. அதன் பிறகு அவனுடைய சாட்சியம் ஏற்கப்படாது. வாக்குக்காகச் சொன்னாலும், வேடிக்கைக்காகப் பகிர்ந்தாலும் பழி பழியே.

தமிழ்நாட்டில் உள்ளாட்சிப் பதவிகளில் பாதியைப் பெண்களுக்கு ஒதுக்கி 2016இல் சட்டம் வந்தது. அதனால் நம் சகோதரிகள் பலர் வார்டு உறுப்பினராக, தலைவராக வர வழி ஏற்பட்டது. ஆனால் பல இடங்களில் சுவரொட்டியில் அவளுடைய பெயர் சிறியது, கணவரின் பெயர் பெரியது. வென்ற பிறகு அலுவலகத்தில் நாற்காலியில் அமர்வது கணவர். அதிகாரிகளிடம் பேசுவது கணவர். அவளுக்கு வீட்டுக்குக் கோப்பு வரும், கையெழுத்து மட்டும் போட்டு அனுப்ப வேண்டும். இது நம் சமுதாயத்தில் மட்டும் உள்ள நோய் அன்று. நாடு முழுக்க இருக்கிறது. இதற்குக் கடும் தண்டனை வேண்டும் என்று மத்திய பஞ்சாயத்து ராஜ் அமைச்சகம் அமைத்த குழுவே 2025இல் பரிந்துரைத்தது. ஆனால் நமக்கு அரசாங்கத் தண்டனையைவிடப் பெரிய அச்சம் இருக்க வேண்டாமா? மக்கள் அவளிடம் ஒப்படைத்தது அமானத். அதை மற்றவர் எடுத்துக்கொண்டால் அதன் பெயர் கியானத். கணவரிடம் ஆலோசனை கேட்கலாம், உதவி பெறலாம்; பதவியைக் கணவர் பறித்துக்கொள்ளக் கூடாது.

இப்படி உள்ளாட்சியில் கிடைத்த ஒரு வாய்ப்பு எங்கே கொண்டு செல்லும் என்பதற்கு நம் மண்ணிலேயே சான்று உண்டு. திருச்சி மாவட்டம் துவரங்குறிச்சியைச் சேர்ந்த கவிஞர் ஸல்மா அவர்கள் 2001இல் பொன்னம்பட்டி பேரூராட்சித் தலைவரானார். அப்பதவி பெண்களுக்கு ஒதுக்கப்பட்டதால் வந்த வாய்ப்பு அது. 2006 சட்டமன்றத் தேர்தலில் மருங்காபுரியில் நின்று தோற்றார். 2025 ஜூலையில் மாநிலங்களவை உறுப்பினராக உறுதிமொழி ஏற்றார். அவருடைய எழுத்துகளில் நமக்கு உடன்பாடில்லாதவை உண்டு. அது வேறு பேச்சு. பருவமடைந்ததும் பள்ளியிலிருந்து நிறுத்தப்பட்ட ஒரு பெண் டில்லி வரை செல்ல 24 ஆண்டுகள் ஆயின என்பதையே சொல்ல வந்தேன்.

சகோதரர்களே! இனிச் சொல்வதைச் சற்றுக் கவனமாகக் கேளுங்கள். மக்களவையிலும் சட்டமன்றங்களிலும் மூன்றில் ஒரு பங்கு இடத்தைப் பெண்களுக்கு ஒதுக்கும் மசோதா 1996 செப்டம்பரில் முதன்முதலாகக் கொண்டுவரப்பட்டது. 2010இல் மாநிலங்களவையில் நிறைவேறி மக்களவையில் முடங்கியது. 27 ஆண்டுகள் கழித்து 2023 செப்டம்பரில் மக்களவையில் 454 பேர் ஆதரித்து, 2 பேர் எதிர்த்து நிறைவேறிற்று. எதிர்த்த இருவரும் முஸ்லிம் உறுப்பினர்கள். முஸ்லிம் பெண்களுக்கும் பிற்படுத்தப்பட்ட வகுப்புப் பெண்களுக்கும் உள்ஒதுக்கீடு இல்லையே என்பது அவர்கள் சொன்ன காரணம். அக்குறை நியாயமானது. ஆனால் சட்டம் சட்டமாகிவிட்டது. மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, தொகுதி மறுவரையறை என்று அதற்கு நிபந்தனைகள் வைத்தார்கள். 2024 தேர்தல் அது இல்லாமலே நடந்து முடிந்தது.

அது நடைமுறைக்கு வருகிற நாளில் என்ன நடக்கும்? முஸ்லிம்கள் வெல்லக்கூடிய தொகுதிகள் நாட்டில் கொஞ்சமே. 2024இல் மக்களவைக்குச் சென்ற முஸ்லிம்கள் 24 பேர்தாம். அத்தொகுதிகளும் சுழற்சியில் பெண்களுக்கு ஒதுக்கப்படும். அப்போது கட்சிகள் நம் வாசலில் வந்து, தகுதியான ஒரு பெண்ணைத் தாருங்கள் என்று கேட்கும். சட்டம் படித்தவர், மேடையில் பேசத் தெரிந்தவர், மக்களிடம் பழகியவர், தீனில் பேணுதல் உள்ளவர் யார் என்று நாம் அன்றைக்குத் தேடத் தொடங்கினால் கிடைக்குமா? அந்த இடமும் நம் கையை விட்டுப் போகும். உள்ஒதுக்கீடு கேட்டுப் போராடுவது ஒரு கடமை. ஒதுக்கீட்டில் நிற்பதற்குப் பெண்களைத் தயார் செய்வது அதற்கு முந்திய கடமை.

நம் கட்சிகளும் மெல்லத்தான் விழித்துக்கொள்கின்றன. இந்திய யூனியன் முஸ்லிம் லீக் கேரளச் சட்டமன்றத் தேர்தலில் 1996இல் கோழிக்கோட்டில் ஒரு பெண்ணை நிறுத்தியது, அவர் தோற்றார். அடுத்த பெண் வேட்பாளரை நிறுத்த 25 ஆண்டுகள் ஆயின. 2021இல் நின்ற அவரும் தோற்றார். ஆண் வேட்பாளர் தோற்றால் அவர் ஒருவர்தான் தோற்கிறார். பெண் தோற்றால் அவளோடு சேர்த்து எல்லாப் பெண்களுக்கும் கால் நூற்றாண்டு இடம் மறுக்கப்படுகிறது. அதே கட்சியின் தேசியப் பொறுப்பாளர்களில் முதன்முறையாக இரு பெண்கள் இடம்பெற்றது 2025 மே மாதத்தில். ஒருவர் கேரளத்தைச் சேர்ந்த முஸ்லிமல்லாத சகோதரி. மற்றவர் நம் சென்னை மாநகராட்சி உறுப்பினர் பாத்திமா முஸஃப்பர் அவர்கள். வரவேற்கிறோம். தாமதம் என்பதையும் சொல்கிறோம்.

பர்தா என்னாவது, மஹ்ரம் இல்லாத பயணம் என்னாவது, ஆண்களோடு கலந்த கூட்டங்கள் என்னாவது என்று கேட்கிறீர்கள். நியாயமான கேள்வி. அந்தச் சட்டங்கள் எதுவும் தேர்தலுக்காகத் தளராது. ஆனால் அவை பெண்ணுக்கு மட்டும் உள்ளவை அல்ல. பார்வையைத் தாழ்த்துமாறு முதலில் சொல்லப்பட்டது ஆண்களுக்கே. துருக்கியில் 1999இல் தேர்ந்தெடுக்கப்பட்ட மெர்வே கவாக்ஜி என்ற சகோதரி தலைத்துணியுடன் அவைக்குள் வந்ததற்காக உறுதிமொழி ஏற்க விடாமல் வெளியேற்றப்பட்டார். அவர் துணியைக் கழற்றவில்லை. 2013இல் நான்கு பெண் உறுப்பினர்கள் தலைத்துணியுடன் அதே அவைக்குள் நுழைந்தார்கள். பேணுதலோடு வர முடியும் என்று காட்டும் பெண்ணை அங்கே மதச்சார்பின்மையின் பெயரால் தடுத்தார்கள்; இங்கே மார்க்கத்தின் பெயரால் நாம் தடுக்கலாகாது. பயணத்துக்குத் தந்தையோ சகோதரனோ கணவனோ துணை செல்லட்டும். மகனுக்காக மேடைதோறும் அலையும் தந்தை மகளுக்காக அலையக் கூடாதா?

பல ஊர்களில் உள்ளாட்சித் தேர்தல் வந்தால் ஜமாஅத் கூடி வேட்பாளரை முடிவு செய்யும் வழக்கம் இருக்கிறது. பெண்களுக்கு ஒதுக்கப்பட்ட வார்டுக்கும் ஆண்கள் மட்டும் கூடி, ஆண்களின் மனைவியரில் ஒருவரைத் தேர்ந்தெடுக்கிறோம். அடுத்த தேர்தலுக்கு அப்படிக் கூடுவதற்கு முன், அந்த வார்டில் குடிநீர்க் குழாயடியிலும், ரேஷன் கடையிலும், பள்ளிக்கூட வாசலிலும் நிற்கும் பெண்களிடம் யாரை அனுப்பலாம் என்று ஜமாஅத் நிர்வாகிகள் கேட்க வேண்டும். மஸ்ஜிதுக்கு வருவது இயலாதென்றால் பெண்கள் மத்ரஸாவில் அவர்களைக் கூட்டி, உஸ்தாத்மார்கள் வழியாகக் கருத்தை எழுதி வாங்கலாம். இதைக் குறித்து இன்று அஸருக்குப் பின் நிர்வாகிகளுடன் பேச இருக்கிறோம். சட்டம் படிக்கும், கல்லூரியில் படிக்கும் பெண்பிள்ளைகள் உங்கள் வீட்டில் இருந்தால் அவர்களின் பெயரைப் பொருளாளரிடம் கொடுத்துச் செல்லுங்கள். வஸ்ஸலாம்.